ஃபென்ஸுக்கு முன்னால் டயல் கேஜ்

குடியாத்தம்
மே 24

அன்புள்ள முருகேசனுக்கு,

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் இப்போதுதான் ஊர் திரும்பினார்கள், அதுதான் பதில் தாமதம். எல்லோரும் நலம். பெரியவள் வேலூரில் கல்லூரி சேரப் போகிறாள். வெயில்தான் தாங்கவில்லை. பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே மதியம் நிற்க முடியாததால், அறுப்பு வேலையெல்லாம் காலையிலேயே முடிந்துவிடுகிறது.

சரி, உன் டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு மெஷின்) விஷயம். அறுத்த பலகை ஒரு முனையில் அரை நூல் (1/16 அங்குலம்) தடித்து வருகிறது, பலகையை ஒட்டி நகர்த்தும் நேர்ச்சட்டமான ஃபென்ஸைப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். குற்றம் ஃபென்ஸுடையதுதான் என்று என்ன நிச்சயம்? பிளேடு கோணலாக நிற்கலாம். ஃபென்ஸில் ஒட்டிப் போகும் பலகை விளிம்பே வளைந்திருக்கலாம். முதலில், நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று வாங்கு. மேசையில் பிளேடுக்குப் பக்கவாட்டில் நீளமாக ஓடும் மைட்டர் பள்ளத்தில் நகரும் கட்டையில் அதைப் பொருத்து. மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் அடையாளம் போட்டு முன்பக்கம் அள. அதே பல்லைப் பின்னுக்குத் திருப்பி அங்கேயும் அள. வேறு பல்லில் அளந்தால் பிளேடின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் பிளேடைத் தொடாதே. பிறகு ஃபென்ஸையும் அதே பள்ளத்துக்கு நேராக வை. பின்முனை பிளேடு பக்கம் மட்டும் சாயக் கூடாது. சாய்ந்தால் மரம் நெருக்குண்டு கருகும், உன் மேலேயே திருப்பி அடிக்கும்.

அடுத்து பிளேடு. மெஷினோடு வந்ததை ரீப்பர் அறுக்க வைத்துக்கொள். 10 அங்குலத்தில் 40 பல் கார்பைடு பிளேடு அன்றாட வேலைக்குப் போதும். மைக்கா ஒட்டிய ப்ளைவுட் நிறைய வந்தால் 80 பல் தனியாக ஒன்று. வாங்கும்முன் நடுத்துளையைப் பார், 25.4 மி.மீ., 30 மி.மீ. இரண்டும் கடையில் இருக்கும். பிளேடைச் சுற்றியுள்ள தட்டைக் காசு கொடுத்து வாங்காதே. அந்த அளவுக்கு ஒரு ப்ளைவுட் துண்டை வெட்டி, நன்றாக அழுத்திப் பிடித்து, ஓடும் பிளேடை மெல்ல மேலே ஏற்றினால் இடைவெளியில்லாத தட்டு தயார். அடிப்பக்கம் சிலும்பு எழுவது பெருமளவு குறையும்.

குறுக்கு வெட்டுக்கு, பலகையை மேலே வைத்துத் தள்ளும் சறுக்குத் தட்டான ஸ்லெட்டை நீயே செய். பலகையைச் சாய்த்து வைக்கும் ஸ்லெட் வேலியை மூலைமட்டத்தை மட்டும் நம்பி முடுக்கிவிடாதே. ஒரு சதுரப் பலகையை நான்கு பக்கமும், வெட்டிய பக்கத்தையே அடுத்து வேலியில் வைத்து வரிசையாக அறு. ஐந்தாவது வெட்டில் முதல் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய பட்டையை எடுத்து இரு முனையையும் வெர்னியரில் அள. பட்டை நீளம் 300 மி.மீ., முனைகள் 20.4, 20.0 என்று வந்தால் வித்தியாசம் 0.4. நான்கு முறை பெருகிய பிழை அது. உண்மையில் 300 மி.மீ.க்கு 0.1 தான். கண்ணுக்குப் படாத கோணலைக்கூட இது காட்டிக்கொடுக்கும். எனக்கு இதுபோலப் பிடித்த சோதனை வேறில்லை. செலவு ஒரு துண்டுப் பலகை!

ஸ்லெட்டுக்கு அடியில் மைட்டர் பள்ளத்தில் ஓடும் ரன்னரை மரத்தில் செய்தால் ஐப்பசி மழையில் ஊதி இறுகும், சித்திரையில் ஆடும். அலுமினியப் பட்டை நல்லது. சாய்வு பார்க்க டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் கிடைக்கிறது. மேசை மேல் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பல்லில் படாமல் பிளேடின் உடலில் ஒட்டவை. பலகையை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும் ஃபெதர்போர்டு, ஃபென்ஸை நூலிழையாய் நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடான ரிவிங் நைஃபை மட்டும் கழற்றிப் போடாதே. அளவுக்கு உதவாவிட்டாலும் விரலுக்கு உதவும்.

ஆடியில் வருவதாக எழுதியிருந்தாய். மைட்டர் பள்ளத்தின் அகலமும் ஆழமும் எழுதி அனுப்பு. நீ வருவதற்குள் லேத் பட்டறையில் சொல்லி ரன்னர் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
சேகர்