வெட் கிச்சனில் போட்ட குவார்ட்ஸ் டாப்பை மாற்றித் தாருங்கள்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு குளுகோரில் எங்கள் வீட்டுக்குப் போன வருடம் நீங்கள்தான் கிச்சன் கேபினட்டும் அதன் மேல் பதிக்கிற கல் டாப்பும் போட்டுக் கொடுத்தீர்கள். கேபினட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே டிரை கிச்சனில் போட்ட வெள்ளைக் குவார்ட்ஸும் போட்ட மாதிரியே இருக்கிறது. பின்பக்கம் தினசரிச் சமையல் நடக்கிற வெட் கிச்சனில் போட்டதுதான் பாழாகிவிட்டது. அதைக் கேட்டதற்கு, "சூடும் வெயிலும் வாரண்டியில் வராது, பயன்படுத்தியவர்கள் தவறு" என்று உங்கள் ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்திருக்கிறது. இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

அடுப்புக்கு இடது பக்கம் பிறை மாதிரி ஒரு பழுப்புக் கறை இருக்கிறது, தோசைக்கல்லை இறக்கி வைத்த இடம். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை, விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருக்கிறது. சுவருக்குப் பதில் கம்பி கிரில் இருக்கிற பக்கம் மத்தியான வெயில் விழுகிற நீளம் முழுக்க மஞ்சள் பூத்துவிட்டது. பாத்திரம் கவிழ்க்கும் ரேக்கைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் மட்டும் பழைய வெள்ளை அப்படியே சதுரமாகத் தெரிகிறது, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அப்புறம் அடுப்புக்காக வெட்டிய ஓட்டையின் மூலையிலிருந்து முன் விளிம்பு வரைக்கும் மயிரிழை போல ஒரு விரிசல். அந்த மூலையை வளைவாக வெட்டாமல் கூராக வெட்டியிருக்கிறார்கள். கூரான மூலையில்தான் அழுத்தம் சேரும், அங்கிருந்துதான் கல் விரியும் என்பது கல் வெட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இதுவும் நாங்கள் பயன்படுத்தியதில் வந்த தவறா?

குவார்ட்ஸ் என்பது மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுக்கிற கல் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் பொடி, மீதி அதை ஒட்டவைக்கிற பிளாஸ்டிக் ரெசின். பொடிக்குச் சூட்டால் ஒன்றும் ஆகாது. ரெசின்தான் 150 டிகிரி வாக்கில் கருக ஆரம்பிக்கும், வெயில் தொடர்ந்து பட்டால் மஞ்சளாகும். தோசை சுடுகிற கல் 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். இதெல்லாம் கல் விற்கிற உங்களுக்குத் தெரியாதா? தெரியும். கல்லைப் பதித்து, முழுப் பணத்தையும் வாங்கிய பிறகு நீங்கள் கொடுத்த வாரண்டி அட்டையிலேயே சூடான பாத்திரம் வைக்கக் கூடாது, நேர் வெயில் படும் இடத்தில் பதிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது.

என் கேள்வி இதுதான். உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து அளவெடுத்தபோது ஒரு பக்கம் வெறும் கிரில்தான் என்பதைக் கண்ணால் பார்த்தார். தினமும் இங்கேதான் சமையல், குவாலிச் சட்டியும் குக்கரும் தோசைக்கல்லும் அடுப்பிலிருந்து நேரே டாப்பில்தான் இறங்கும் என்று என் மாமியார் அவரிடம் எடுத்துச் சொன்னார். நாங்கள் முதலில் கேட்டது கறுப்பு கிரானைட். மார்பிள் வேண்டாம் என்று அவர் சொன்னது சரிதான், புளியும் எலுமிச்சையும் பட்டால் அது அரித்துவிடும். ஆனால் கிரானைட் பழைய ஃபேஷன், கறை இழுக்கும், அதைத் தடுக்க அடிக்கடி சீலர் என்கிற பூச்சைப் பூச வேண்டும், குவார்ட்ஸ் என்றால் கவலையே இல்லை, எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லி அடிக்குக் கூடுதல் விலையில் இதை எடுக்க வைத்தார். கிரானைட்டுக்கு எப்போதாவது ஒரு முறை சீலர் பூச வேண்டும்தான், அதுவும் கறுப்புக் கல்லுக்குக் கறை அவ்வளவாகத் தெரியாது, சூட்டுக்கும் வெயிலுக்கும் அசையாது. உங்கள் சொந்த அட்டையே கூடாது என்கிற இடத்தில், இடத்தைப் பார்த்த பிறகும் அந்தக் கல்லைத்தான் விற்றீர்கள்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவர் பேச்சை நம்பி வாங்கினால், பொருள் அந்த உபயோகத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் என்ன எழுதினாலும் அந்தப் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது.

எனக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டாம். வெட் கிச்சன் டாப்பை மட்டும் கழற்றிவிட்டு, உங்கள் செலவில் கறுப்பு கிரானைட் போட்டு, அடுப்பு ஓட்டையின் மூலைகளை வளைவாக வெட்டிக் கொடுங்கள். கூலி, சிங்க்கைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி. விலை வித்தியாசத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. இந்தத் தடவை கல்லை உங்கள் பட்டறையிலேயே வெட்டிக் கொண்டு வாருங்கள். போன முறை எங்கள் போர்ச்சில் தண்ணீர்கூட விடாமல் அந்தப் பையன் வாயில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு அறுத்தான், வீடெல்லாம் வெள்ளைத் தூசி. அது சிலிக்கா தூசி, நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. ஆஸ்திரேலியாவில் இதனால்தான் 2024 ஜூலையிலிருந்து இந்தக் குவார்ட்ஸ் வகைக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அதனால் இதையும் ஈரத்தில்தான் வெட்ட வேண்டும். அந்தப் பையனுக்கு ஒழுங்கான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். வரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிந்துவிடுவேன். அங்கே 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீலும் தேவையில்லை. கொட்டேஷன், ரசீது, வாரண்டி அட்டை, உங்கள் ஆள் "எதை வேண்டுமானாலும் வைக்கலாம்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றின் நகலும் இதோடு இருக்கிறது.

இப்படிக்கு,
குளுகோர் வாடிக்கையாளர்