ஓடுகிற 'மாவுப்பூச்சி'யை நசுக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் நாலைந்து பேர் போன் செய்து ஒரே புகாரைச் சொன்னீர்கள். "உங்ககிட்ட வாங்கின செம்பருத்தியில மாவுப்பூச்சிங்க. அதுவும் பெரிசு பெரிசா, ஓடுது." ஒருவர் செடியையே தொட்டியோடு திருப்பிக் கொண்டுவந்தார். பார்த்தோம். வெள்ளை மாவு பூசினதுபோல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி இருந்தது உண்மை. அது எங்கள் தவறு, வேறு செடி கொடுத்துவிட்டோம். ஆனால் ஓடியது மாவுப்பூச்சி இல்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு.

அந்தப் பொறிவண்டுக்குக் கிரிப்டோலேமஸ் என்று பெயர். 1898-லேயே, காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வளர்ந்த வண்டு கருப்பு, தலைப்பக்கம் செம்பழுப்பு, முதுகில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. புழுப் பருவத்தில்தான் குழப்பமே. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. தான் தின்கிற பூச்சியின் வேஷத்திலேயே திரியும். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பே பல நேரம் ஏமாந்துவிடுகிறது, நம்மைச் சொல்லி என்ன குற்றம்! ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும். புழு விறுவிறுவென்று நடக்கும், இழைகளும் நீளம்.

எங்களுக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. ஒருமுறை வரிசை முழுக்க மருந்தடித்துச் 'சுத்தம்' செய்தோம். கொஞ்ச நாளில் மாவுப்பூச்சி திரும்பி வந்தது, வண்டு வரவில்லை.

அவரையிலும் தட்டைப்பயறிலும் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) மொய்த்தால் வருவது வேறு பொறிவண்டு. ஆரஞ்சு முதுகில் கறுப்பு நெளிகோடு போட்டது. அதன் புழு குட்டி முதலை மாதிரி இருக்கும், பார்த்துப் பயந்து நசுக்கிவிடுகிறார்கள். இலையில் ஆரஞ்சு மணிபோல ஒட்டியிருப்பது அதன் கூட்டுப்புழு, நோய் இல்லை. இலைக்கு அடியில் நெருக்கமாக நிற்கும் மஞ்சள் முட்டைகளையும் விட்டுவைக்கலாம்.

கத்திரிக்கு மட்டும் இந்தத் தயவு வேண்டாம். அங்கே 28 புள்ளியோடு, பளபளப்பில்லாமல், பொடிமயிர் மூடிய வண்டு வந்தால் அது இலை தின்னி. அதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் முள். இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். முட்டை, புழு, வண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

வேப்பெண்ணெய் நாங்களும் விற்கிறோம். விற்கிற நாங்களே சொல்கிறோம், பொறிவண்டுப் புழு கண்ணில் பட்டால் அந்தச் செடிக்கு அடிக்காதீர்கள்; எண்ணெயும் சோப்பும் மெல்லிய உடம்புக்கு ஆகாது. அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். முதலில் எறும்பைத் தடுங்கள். பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று வண்டை விரட்டும். தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும், தண்ணீரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், கொசு வரும்.

சந்தேகம் இருந்தால் மருந்தடிக்கும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். திரும்பி வந்த அந்தச் செம்பருத்தி இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று எண்ணியதில் ஒன்பது புழு. பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை.

அன்புடன்,
உங்கள் நர்சரிக்காரர்கள்