படித்துறைக்கு மேல் விழும் சாக்கடை: நான்காவது மனு

அனுப்புநர்: ஆற்றங்கரைத் தெரு, நடுத்தெரு, மேலத்தெரு பொதுமக்கள்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: தாமிரபரணியில் கலக்கும் சாக்கடையைத் தடுத்து, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: நாங்கள் ஏற்கெனவே அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தாமிரபரணி தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே இந்த ஆறு கெட்டதற்கு அண்டை மாநிலத்தைக் குறை சொல்ல வழியில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் குறையைப் பணிவுடன் மீண்டும் தெரிவிக்கிறோம்.

1. எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. குளியல், சமையல் தண்ணீரும் செப்டிக் டேங்க் வழிசலும் வாறுகாலில் சேர்ந்து, கல்மண்டபத்தை ஒட்டிய ஓடை வழியாக ஆற்றில் விழுகின்றன. விழும் இடம் படித்துறைக்கு இருபதடி மேற்கே. ஆறு ஓடுவதோ கிழக்கு நோக்கி.

2. இம்மனுவை எழுதும் என்னுடைய தாயாரின் பதினாறாம் நாள் காரியத்துக்காக அந்தப் படித்துறையில் இறங்கினோம். கடைசிப் படியில் காலை வைத்தால் கறுத்த கசடில் கணுக்கால் வரை புதைகிறது. காலை எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது. மூன்று முறை முங்க வேண்டிய என் தம்பி, முதல் முறை எழுந்தபோதே தோளில் ஒரு டயாப்பர் ஒட்டியிருந்ததால், மந்திரம் முடியும் முன்பே கரையேறிவிட்டான். வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் தலை முழுகினோம். அந்தக் குழாய்த் தண்ணீரும் படித்துறைக்குக் கீழே உள்ள உறைகிணற்றிலிருந்து வருவதுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஐயா, பெற்ற தாய்க்கு ஒரு முங்கு போட இடமில்லாமல் ஆற்றங்கரையில் குடியிருக்கிறோம்.

3. சித்திரை, வைகாசியில் ஓட்டம் குறைந்தால் படித்துறையில் நிற்பது பெரும்பாலும் சாக்கடைதான். ஆற்றை மூடிய அமலைச் செடியை (ஆகாயத்தாமரையை) இயந்திரம் வைத்து அள்ளினார்கள். சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் அதற்கு உரமாவதால் மூன்றே மாதத்தில் மறுபடி மூடிவிட்டது. செடியை அள்ளச் செலவு செய்வார்களாம், உரம் போடுவதை மட்டும் நிறுத்த மாட்டார்களாம்.

4. குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் பி.ஓ.டி. அளவு (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆற்றில் கழிவு விடுவதை 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. உள்ளாட்சிகள் மூன்று ஆண்டுகளுக்குள் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017இல்.

5. எங்கள் இரண்டாவது மனுவுக்கு மட்டும் பதில் வந்தது: "கழிவுநீர் எங்கும் தேங்கவில்லை, புகார் முடித்து வைக்கப்படுகிறது." உண்மைதான், தேங்கவில்லை. ஆற்றுக்குத்தான் போய்விடுகிறதே!

ஓடையின் வாயைக் கீழே திருப்பிவிட்டால் போதும் என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கும் இதே ஆற்றைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை, ஓடை முகப்பில் கம்பிவலையும் வண்டல் தொட்டியும் கட்டி, கழிவை உறிஞ்சும் கல்வாழைச் செடிப் படுகை வழியாகவாவது தண்ணீரை விட உத்தரவிட வேண்டுகிறோம். உறைகிணற்று நீரைப் பரிசோதித்து, முடிவைப் பேரூராட்சிப் பலகையில் ஒட்டச் செய்யவும் வேண்டுகிறோம்.

இந்த மனுவையும் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவிட்டு ஒப்புகைச் சீட்டு மட்டும் தந்துவிட வேண்டாம். அது எங்களிடம் மூன்று இருக்கிறது. ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தாங்களே படித்துறைக்கு வந்து, கடைசிப் படி வரை இறங்கிப் பார்க்குமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்