பனி அடியிலிருந்தும் கரைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் துருவக் கட்டுரையில் ஒரு வரி: "காற்று சூடாகிறது, கடல்பனி உருகுகிறது, அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். வகுப்பில் ஒரே அளவுள்ள பனிக்கட்டி இரண்டை எடுப்பேன். ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுவேன், இன்னொன்றைத் தம்ளர் தண்ணீரில் போடுவேன். காற்றும் தண்ணீரும் ஒரே சூட்டில்தான் இருக்கும். தண்ணீரில் போட்டது கரைந்து காணாமல் போன பிறகும், நூலில் இருப்பது சொட்டிக்கொண்டே இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது ஒரே பார்வையில் புரிந்தது.

வடதுருவக் கதை தாங்கள் அறியாததல்ல. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் கிரீன்லாந்துக்குக் கிழக்கே உள்ள ஃபிராம் நீரிணை வழியாகவும், நார்வேக்கு வடக்கே உள்ள பாரன்ட்ஸ் கடல் வழியாகவும் வடதுருவக் கடலுக்குள் போகிறது. உப்பு அதிகம், அதனால் கனமும் அதிகம். உப்புக் குறைந்த குளிர்நீருக்கு அடியில் இறங்கிவிடும். 1893 முதல் 1896 வரை நடந்த ஃபிராம் கப்பல் பயணத்திலேயே நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென் இதை அளந்து பார்த்துவிட்டார். மேலே உள்ள குளிர்நீர்தான் பனிக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவே மூடி போல இருந்து காக்கிறது. பாரன்ட்ஸ் கடல் பக்கம் இப்போது அந்த மூடியே பலவீனமாகிவிட்டது. சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்தில்கூட அங்கே முன்போல் பனி கட்டுவதில்லை. அப்புறம், பனி விலகிய இடத்தில் கருநிறக் கடல் கோடை வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. அந்தச் சூடு மீதிப் பனியை அடியிலும் ஓரத்திலும் அரிக்கிறது. 2012 செப்டம்பரில் பனிப்பரப்பு சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. காற்றுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. கடலை விட்டுவிட்டுச் சொன்னால் பாதி உண்மைதான்.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். மிதக்கும் கடல்பனி உருகுவதால் ஊர்கள் மூழ்கும் என்று முன்பு எழுதினீர்கள். கடல்மட்டத்தை உயர்த்துவது முக்கியமாக நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகுவதும், சூடான கடல்நீர் விரிவதும்தான் என்று விளக்கி எழுதினேன். பதில் இல்லை. வடதுருவச் செய்திக்கு, அங்கே இல்லாத பெங்குவின் படம் போட்டபோதும் எழுதினேன், அதற்கும் இல்லை. பல வருட வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், வருத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் இதழைப் பார்த்துத்தான் பள்ளியில் கட்டுரை எழுதுகிறார்கள்.

அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம் போடுங்கள். அதில் கடல் என்ற சொல் இருந்தால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்