வளவுகளில் கிடக்கும் வெடிக்காத எறிகணைகளை அகற்றித் தரக் கோரல்

அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
முல்லைத்தீவு.

ஊடாக: பிரதேச செயலாளர், புதுக்குடியிருப்பு.

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

புதுக்குடியிருப்புப் பிரதேசத்தில் மீள்குடியேறிய எங்கள் கிராமத்து மக்கள் சார்பில் எழுதுகிறோம்.

மிதிவெடி அகற்றுபவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண் கிளறியவர்களில் எங்கள் பெண்களும் உண்டு. கவலை எறிகணைகளைப் பற்றியது. மிதிவெடியைப் பெரும்பாலும் காவலரண் வரிசையை ஒட்டித்தான் புதைத்தார்கள். வரிசை பிடிபட்டால் மற்றதையும் தேடலாம். எறிகணைக்கு ஏது வரிசை? இறுதி யுத்தத்தில், 2009 ஜனவரி முதல் மே வரை, இந்தச் சின்ன நிலத்துக்குள் விழுந்தவற்றில் வெடிக்காதவை எங்கே இறங்கின என்று எந்த வரைபடமும் சொல்லாது. பதுங்குகுழிகளை மூடியபோது கைக்குண்டுகளும் சேர்ந்து மூடுபட்டன. துப்புரவாக்கிக் கையளித்த காணியிலும் கிணறோ மலசலகூடக் கிடங்கோ வெட்டும்போது இவை வருகின்றன. மாரி மழை மண்ணைக் கழுவினால் தென்னையடியில் தலை காட்டும். குப்பைக்கு நெருப்பு வைக்கத்தான் அதிகம் பயம், சூட்டில் எது வெடிக்கும் என்று தெரியாது.

கண்டதும் தொடாமல் அறிவிக்கிறோம். பொலிஸார் பார்த்து, நீதிமன்ற அனுமதி எடுத்து, விசேட அதிரடிப்படையினர் வந்து செயலிழக்கச் செய்யும்வரை அது வளவிலேயே கிடக்கிறது. நடைமுறை வேண்டும்தான். ஆனால் அந்த நாட்களில் பிள்ளைகளை எங்கே கட்டி வைப்பது? ஆடு மாட்டுக்கு யார் சொல்வது? அறிவித்த அன்றே இடத்தைச் சுற்றி நாடா கட்டி, அனுமதியையும் விரைவாக எடுத்துத் தர ஒழுங்கு செய்யுங்கள்.

வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டும் காணிகளையும் பள்ளிக்கூட வளவுகளையும் ஆழமாகச் சோதித்துத் தர வேண்டும். பழைய இரும்பு வாங்குபவர்கள் வெடிபொருள் கோதுகளை எடுக்காதபடி கண்காணிக்கவும் வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காகப் பொறுக்குகிறவரைத் திட்டி என்ன பயன், வாங்க ஆள் இருக்கும்வரை அவர் பொறுக்கத்தான் செய்வார்.

அப்புறம், இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி மிதிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன். அந்தக் கணக்கில் எறிகணை வராது. மிதிவெடி முடிந்தது என்று குழுக்கள் கிளம்பிவிட்டால் எங்கள் கிணற்றடிக்கு யார் வருவது? ஆகவே, அதற்குப் பிறகும் மாவட்டத்திலேயே நிலையாக இருக்கும் ஓர் அகற்றும் அணியை இப்போதே அரசிடம் கேட்டுப் பெற்றுத் தருமாறும், எடுக்கும் நடவடிக்கையை எழுத்தில் அறியத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்,
கிராம அபிவிருத்திச் சங்கம்.

பிரதி: கிராம அலுவலர்