விக்கல் எடுத்த டயல் டோன்

கோவில்பட்டி,
ஐப்பசி 12

அன்பு மகன் முருகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். கவிதாவும் யாழினிக் குட்டியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பாண்டியன் மகள் வெள்ளிக்கிழமை அமெரிக்காவுக்குக் கிளம்புகிறாள். இரண்டு கிலோ கடலைமிட்டாய், அம்மா இடித்த பருப்புப் பொடி, இந்தக் கடிதம் மூன்றும் அவள் கையில் வருகின்றன. கூப்பிட்டுப் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் விஷயமாகத்தான் எழுதுகிறேன். அதைப் போனில் பேச எனக்கு வரவில்லை.

நீ மாட்டிக்கொடுத்த இன்டர்நெட் போன் பெட்டி நன்றாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று விளக்கும் எரிகின்றன. நீ பொங்கலுக்கு வந்திருந்தபோது எழுதி ஒட்டிய தாள் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, வேறொன்றுமில்லை. 732-ல் தொடங்கும் உன் நம்பரை அம்மா இப்போது தாளைப் பார்க்காமலே அழுத்துகிறாள். செல்போனில் முகம் பார்த்துப் பேசலாமே என்று எதிர்வீட்டு அக்கா சொன்னால், "எனக்கு ரிசீவர் காதில் இருந்தாத்தான் பேசின மாதிரி இருக்கு" என்கிறாள். பழைய பட்டன் போன், அதன் மேல் அவள் பின்னிய உறை, பக்கத்தில் உன் பெட்டி. வருகிறவர்களிடம் எல்லாம் "அமெரிக்கா நம்பர் நம்ம வீட்லயே இருக்கு" என்று காட்டுகிறாள். எனக்கும் பெருமைதான். இல்லை என்று சொல்லவில்லை.

108-க்கு மட்டும் அதில் அடிக்கக் கூடாது, செல்லில்தான் அடிக்க வேண்டும் என்று அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீ சொன்னதுபோல அதில் 911 அடித்தால் எடிசனில் உன் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும். சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை இங்கே நல்ல மழை. சாயங்காலம் ஆறரைக்குப் போன கரண்டு ராத்திரி பத்தரைக்குத்தான் வந்தது. யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கிவிட்டு, கீ கீ என்று கத்தி அதுவும் படுத்துவிட்டது. பேட்டரியை மாற்றுங்கள் என்று நீ ஆடி மாதமே சொன்னாய். நான்தான் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூமோடு வாழ்ந்தவன் செய்கிற காரியமா இது? இரண்டு வோல்ட் செல் இருபத்து நான்கு, மொத்தம் 48 வோல்ட். வாராவாரம் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவேன். ஊரே இருட்டாகக் கிடந்தாலும் போனில் டோன் இருக்கும். புயல் மழையில் மின்கம்பம் சாய்ந்தாலும் நம் ஒயர் அறுகிறவரை பேசலாம். உன் பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான். டோனைத் தானே உண்டாக்குகிறது, எக்ஸ்சேஞ்ச் மாதிரியே மணியடிக்க வோல்டேஜ் கொடுக்கிறது, குரலை நொடிக்கு 8000 தடவை அளந்து பொட்டலம் கட்டி நெட்டில் அனுப்புகிறது. மீனம்பாக்கம் ட்ரெயினிங்கில் நான் படித்த அதே 64 கிலோபிட் கணக்கு. எங்கள் சி-டாட் எக்ஸ்சேஞ்ச் ஒரு ரூம் முழுக்க நின்றுகொண்டு செய்ததை இது உள்ளங்கை அளவில் இருந்து செய்கிறது. ஆனால் வீட்டில் கரண்டு போனால் அதற்கும் உயிர் போய்விடுகிறது. அதனால் பேட்டரி முக்கியம். நீயும் உன் வீட்டில் மோடத்துக்கு ஒரு யூபிஎஸ் வைத்துக்கொள். பனி பெய்தால் அங்கேயும் கரண்டு போகும் என்று நீதானே சொன்னாய்.

மறுநாள் காலை அம்மா ரிசீவரை எடுத்தவள், "என்னங்க, போனுக்கு விக்கல் எடுக்குது, யாரோ நெனைக்கிறாங்க போல" என்றாள். வாங்கிக் கேட்டேன். டோன் ஒரே சீராக வராமல் விட்டு விட்டு வந்து, அப்புறம் சரியானது. கார்டில் லூஸ் காண்டாக்ட் என்று நினைத்தேன். கார்டை மாற்றினேன். பிளக்கைச் சுரண்டித் துடைத்தேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி ஸ்டாரை மூன்று முறை அழுத்தி 02 போட்டேன், பெட்டிக்குள் பேசுகிற அந்த அம்மாள் ஒன் நைன் டூ டாட் ஒன் சிக்ஸ் எயிட் என்று பெட்டியின் நெட் அட்ரஸை நிதானமாகப் படித்தாள். அதுவும் சரி. ஆனாலும் விக்கல் நிற்கவில்லை. டெலிபோன்காரன் வீட்டில் இரண்டு நாள் போனுக்கு விக்கல்!

வெள்ளிக்கிழமை இன்டர்நெட் பில் வாங்க வந்த பையன் ரிசீவரைக் காதில் வைத்த உடனே சொல்லிவிட்டான். "மெசேஜ் இருக்கு மாமா. அது வந்து கிடந்தா இப்படித்தான் விட்டு விட்டு வரும். ஸ்டார் 97 அடிச்சுக் கேளுங்க." அவன் போன பிறகு, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி 8:40-க்கு வந்தது. 47 வினாடி. முதலில் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். பின்னால் டிவியில் ஏதோ பொம்மைப் பாட்டு, யாழினி கூடவே பாடுகிறாள். அப்புறம் நீ, "அம்மா..." என்றாய். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "இல்ல, சும்மாதான். அப்புறம் கூப்பிடுறேன்." அவ்வளவுதான்.

நம்ம 8:40 என்றால் உனக்குக் காலை 11:10. செவ்வாய்க்கிழமை. குழந்தை டே கேருக்குப் போகவில்லையா? காய்ச்சலா? கவிதாவுக்கு உடம்பு சரியில்லையா? குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டவில்லை. நீ எப்போதும் ஆபீஸ் போகிற வழியில் காரிலிருந்துதான் கூப்பிடுவாய், பின்னால் ஹாரன் கேட்கும். இந்த ஒன்றரை மாதமாக ஹாரன் கேட்கவில்லை. தீபாவளியன்று மூன்று நிமிஷம் பேசினாய், அதிலும் அதிரசம் எப்படி வந்தது என்று இரண்டு தடவை கேட்டாய். சரி, வேலை அதிகமாக இருக்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்கள். இப்போதெல்லாம் அப்படித்தானே.

செல்லுக்கு அடித்திருந்தால் நான் எடுத்திருப்பேன். அன்றைக்கு இருட்டில் செல்லைக் கையில்தான் வைத்திருந்தேன். நீ செல்லுக்கு அடிக்கவில்லை.

நீ மாதாமாதம் போடும் பணம் இனி இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டாம். பேங்கில் ஏதோ கேஒய்சி புதுப்பிக்க வேண்டுமாம், அது முடியட்டும். மறந்து அனுப்பிவிடாதே. எங்களுக்கு என்ன செலவு இருக்கிறது, பென்ஷனே மிஞ்சுகிறது. போஸ்ட் ஆபீசில் அஞ்சு வருஷத்துக்குப் போட்ட சீனியர் சிட்டிசன் டெபாசிட் இந்த வருஷம் முதிர்ந்துவிட்டது. திரும்பப் போட்டால் வட்டி வரும். நான் போடவில்லை, சேவிங்ஸிலேயே கிடக்கிறது. நீ சொல்கிறவரை அதைத் தொட மாட்டேன். அது யாருக்கு என்று நான் வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். சங்கரன்கோவில் சித்தப்பா விஷயத்தில் நடந்தது மாதிரி யாரும் கணக்கு கேட்க மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுப் படு. பெட்டிக்குப் பாஸ்வேர்டு வைத்திருக்கிறாய் அல்லவா, கம்பெனி போட்டுத் தருகிற பாஸ்வேர்டையே விட்டுவைத்தால் திருட்டுப் பயல்கள் உள்ளே புகுந்து வெளிநாட்டுக்கெல்லாம் கூப்பிட்டு உன் தலையில் பில்லை ஏற்றுவார்களாம். மாற்றிவிடு. யூபிஎஸ்ஸையும் மறக்காதே.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதை எழுதத்தான் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

2020 ஜனவரி 31-ஆம் தேதி வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வு வாங்கினேன். உனக்கு மார்ச் மாதம்தான் தெரியும், அதுவும் அம்மா வாய் தவறிச் சொன்னதால். நடுவில் நீ கூப்பிட்டபோதெல்லாம் "ஆபீசில் வேலை ஜாஸ்தி" என்றுதான் சொன்னேன். உன்னிடம் சொன்னது மட்டும் இல்லை. பிப்ரவரி 3, திங்கட்கிழமை, காலை எட்டரைக்கு டூல் பேகை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். அம்மா ஒன்றும் கேட்காமல் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தாள். எட்டயபுரம் ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் போன் டெட் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்பத்தில் ஏறினேன். செம்பு ஒயர் பச்சை பிடித்துக் கிடந்தது, சுரண்டிக் கட்டி டோன் கொடுத்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். பதினொரு நாள். பன்னிரண்டாவது நாள் பில்லர் பாக்ஸைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும்போது காண்ட்ராக்ட் பையன் ஒருவன் வந்து, "சார், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்கல்ல?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு மூடியைத் திருகக்கூடக் கை வரவில்லை. ஸ்பேனரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், இன்றுவரை போய் எடுக்கவில்லை.

யாரும் என்னைத் துரத்தவில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான். ஆனால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இல்லை என்பதை என் மகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்ச்சில் நீ கூப்பிட்டு, "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாய். மெதுவாகத்தான் கேட்டாய். "அப்பன் சம்பாத்தியத்துக்குக் கணக்கு கேக்கிற அளவுக்கு வளந்துட்டியா" என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தேன். வைக்கவில்லை, போட்டேன். அந்தப் போனின் ஓரத்தில் இப்போதும் ஒரு கீறல் இருக்கும், அதன் மேல்தான் அம்மா உறை போட்டிருக்கிறாள். அப்புறம் லாக்டவுன் வந்தது. மூன்று வாரம் கழித்து நீதான் முதலில் கூப்பிட்டாய், ஒன்றுமே நடக்காத மாதிரி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்றாய். நான் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குக் கரண்டு போன ராத்திரியில் நீ செல்லுக்கு அடித்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது.

சொல்லாமல் வைத்துக்கொள்வதை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். வேறு யாரிடம் கற்றிருப்பாய்? அம்மாவுக்குத்தான் ஒரு விஷயம் வயிற்றில் தங்காதே.

பாண்டியன் மருமகனுக்காகப் பேப்பரில் ஒரு துண்டு வெட்டிவைத்தேன். எச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்கு வேலை போனால் 60 நாள் வரைக்கும் அங்கேயே இருந்து வேறு வேலை தேடலாமாம், அதற்குள் புது கம்பெனி மனுப் போட்டுவிட்டால் தொடரலாம் என்று போட்டிருந்தது. 2017-லிருந்து இருக்கிற விதியாம். அந்தப் பையனுக்கு இப்போது தேவையில்லை என்று பாண்டியன் சொன்னார். துண்டு என்னிடமே இருக்கட்டும் என்று காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறேன். காலண்டரில் டிசம்பர் 20-ஐச் சுழித்திருப்பதைப் பார்த்து அது என்ன தேதி என்று அம்மா கேட்டாள். பேட்டரி வாரண்டி என்றேன்.

உன் ரூம் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் வெள்ளையடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்தோம். யாழினிக்கு உயரம் எட்டாது என்று ஜன்னல் கொண்டியைக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்தேன். சும்மாதான்.

மெசேஜை நான் அழிக்கவில்லை. கேட்டுவிட்டதால் விக்கல் மட்டும் நின்றுவிட்டது. சாயங்காலம் அம்மா ரிசீவரை எடுத்துப் பார்த்து, "நின்னுடுச்சே" என்றாள். தண்ணி குடிச்சிருக்கும் என்றேன்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: புது பேட்டரி போட்டாயிற்று. நாலு மணி நேரம் தாங்கும் என்கிறான், பார்ப்போம். போனை ஹாலிலிருந்து என் கட்டில் பக்கம் கொண்டுவந்துவிட்டேன், பத்து மீட்டர் ஒயர், ஜாயிண்ட் நானே அடித்தேன். ஞாயிற்றுக்கிழமையோடு உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், ஒன்பதரை மணி நேரம் பத்தரை ஆகிவிடும். அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதே. எந்த நேரமானாலும் அடி. எடுக்கப்போவது நான்தான், அம்மா இல்லை. அதைத் தெரிந்துகொண்டே அடி.