கரம் மசாலாப் பொருள்கள் சிறு அளவில், முழுதாகக் கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சமைக்காத வீடு அரிது. ஆனால் அந்தக் குழம்பை இறக்கும் நேரத்தில் தூவுகிற கரம் மசாலாவை வீட்டிலேயே அரைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அருகி வருகிறது. இதற்குப் பெண்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வோரை நான் ஏற்கவில்லை. மிக்சி இல்லாத வீடு இன்று ஏது? ஒரு குடும்பத்துக்கு ஜாதிபத்திரியில் ஓரிரு இதழ்கள் போதும் என்றிருக்க, கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடப் பெரிய பொட்டலம். இப்படி ஒவ்வொரு பொருளையும் தேவைக்கு மேல் வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது என்பதால்தான் பலரும் அரைத்த தூள் பாக்கெட்டுக்குப் போகிறார்கள்.

இந்த மசாலாவின் பயன் முழுவதும் அதன் மணத்தில் இருக்கிறது. மணமோ கிராம்பில் உள்ள யூஜினால், பட்டையில் உள்ள சின்னமால்டிகைடு போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்களால் வருகிறது. முழுப் பொருளாக இருக்கும்வரை இவை உள்ளே அடங்கியிருக்கும். தூளாக்கியவுடன் காற்றுபடும் பரப்பு பல மடங்கு பெருகி, நாளுக்கு நாள் வெளியேறிவிடும். மேலும், பாக்கெட்டின் பின்புறம் சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வரிசையில் மல்லி முதலிலும் ஏலக்காய் கடைசியிலும் இருந்தால், நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். அது குற்றமன்று, ஆனால் வாங்குகிறவர் அறிந்து வாங்க வேண்டும்.

முழுப் பொருளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கலாம். எண்ணெய் எடுக்கப்பட்ட கிராம்பு சுருங்கிச் சிறுத்திருக்கும், தண்ணீரில் மிதக்கும். நல்ல கிராம்பு அமிழும். மிளகில் கலக்கப்படும் பப்பாளி விதை நீள்வட்டமாகச் சுருங்கி, பழுப்பு நிறத்தில் இருக்கும். தூளில் இவற்றை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

செய்முறை எளிது. சீரகம் 20 கிராம், மிளகு, பட்டை, ஏலக்காய் ஒவ்வொன்றும் 10 கிராம், கிராம்பு 5 கிராம், அன்னாசிப்பூ ஒன்று, பிரிஞ்சி இலை இரண்டு, சிறிது ஜாதிபத்திரி, கால் ஜாதிக்காய் ஆகியவை சிறு குடும்பத்துக்குப் பல வாரங்களுக்குப் போதும். குழம்புத்தூளில் ஏற்கெனவே மல்லி இருப்பதால் இதில் மல்லி சேர்ப்பது தேவையற்றது என்பது என் கருத்து. கல்பாசி விரும்புவோர் அதில் ஒட்டியிருக்கும் மரப்பட்டைத் துணுக்குகளையும் மண்ணையும் நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். பட்டை சூடேறுவதற்குள் சீரகம் கருகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், கை பொறுக்கும் சூடு வந்து வாசனை எழும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சித்திரை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் வறுக்கவும் தேவையில்லை. ஜாதிக்காயை வறுக்காமல் தட்டிப் போட்டால் போதும். அதன் அளவைக் கூட்டுவது உடலுக்கு ஆகாது. எல்லாம் முற்றிலும் ஆறிய பிறகே அரைக்க வேண்டும், அதுவும் மிக்சியை இடையிடையே நிறுத்தி நிறுத்தி ஓட்டி. இடைவிடாமல் ஓட்டினால் ஜார் சூடேறி, நாம் காக்க நினைத்த மணமே ஆவியாகிவிடும். தூளைக் கண்ணாடிப் புட்டியில், அடுப்புக்கு எட்டத்தில் வைத்துக்கொண்டு, குழம்பை இறக்கும்போது அரைத் தேக்கரண்டி தூவி உடனே மூடிவிட வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். மேலே சொன்ன பொருள்களை ஒரு முறை அரைப்பதற்கு வேண்டிய அளவில், முழுதாக, எடைபோட்டு, உள்ளிருப்பது தெரியும் பையில் அடைத்து, செய்முறைச் சீட்டுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் விற்க முன்வர வேண்டும். அரவை இயந்திரம் வேண்டியதில்லை. தராசும், பை ஒட்டும் கருவியும், சுத்தமான இடமும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் இருந்தால் தொடங்கிவிடலாம். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். அந்த அனுபவமுள்ள பெண்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர அதிகம் இருக்காது. போச்சம்பள்ளி சந்தையிலும், ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் கூடும் மக்களிடையேயும் முதலில் விற்றுப் பார்க்க கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்ட மகளிர் திட்ட அலுவலகங்களும் இடம் ஒதுக்கித் தருமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.